தேக்காவில் நாலு காசநோய் மருந்து: படம் போட்டு ஃபார்மகாலஜி படிப்பவர்கள் யாராவது?

பொங்கோல் அம்மா | திங்கள், இரவு 11:40

வணக்கம். தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்தவள் நான். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், சிங்கப்பூர் என்று 9 வருடம் ஓடிவிட்டது. வீட்டுக்காரருக்கு அடுத்த வருடம் அமெரிக்காவுக்கு மாற்றல் வரும்போல் தெரிகிறது. அதனால் அங்கே மருத்துவராக வேலை செய்ய எழுத வேண்டிய யுஎஸ்எம்எல்இ முதல் கட்டத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்திருக்கிறேன். 2022 ஜனவரி கடைசியிலிருந்து அதில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா இல்லையா மட்டும்தான். கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் ஃபார்மகாலஜி அதே ஃபார்மகாலஜிதான்.

உடற்கூறியல், உடலியங்கியல் எல்லாம் தூசி தட்டினால் திரும்பி வருகின்றன. மருந்துகள் வருவதில்லை. காலையில் படித்த பெயர், பெரியவளைப் பள்ளியில் விட்டுவிட்டு எல்ஆர்டி ரயிலில் வீடு திரும்புவதற்குள் காணாமல் போகிறது.

எல்லோரும் சொன்னார்களே என்று கதைப்பட வீடியோ ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். ஒரே படத்தில் முப்பது பொருள்கள், ஒவ்வொரு பொருளும் ஒரு குறிப்பு. வரைந்தவர் கையில் கலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கு மேல் ஆங்கிலச் சிலேடை. பேஸ்பால் மைதானத்தில் யார் எங்கே நிற்கிறான் என்பதை வைத்து ஒரு மருந்து. எனக்கு பேஸ்பாலே தெரியாது! மருந்தைக் கற்க முதலில் பேஸ்பால் கற்க வேண்டுமாம்.

அப்புறம் போன சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்க நின்றபோது ஒரு யோசனை. அங்கேயே நாலு காசநோய் மருந்தையும் நிற்கவைத்துவிட்டேன். சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

முதல் கடை ரிஃபாம்பிசின். ஆரஞ்சு ஜூஸ் கடை. கடைக்காரரின் வியர்வை ஆரஞ்சு, கண்ணீர் ஆரஞ்சு, மற்றதையும் நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பிழியும் மெஷின் பேய் வேகத்தில் ஓடுகிறது. கல்லீரல் நொதிகளை அது முடுக்கிவிடுகிறது என்பதற்காக. அந்த வேகத்தில் பக்கத்துக் கடையின் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எல்லாம் சக்கையாகிப் போகின்றன.

இரண்டாவது ஐசோனியாசிட். 'ஐஸ்' என்று காதில் விழுகிறதா? மீன் கடை ஐஸ் குவியல்மேல் ஒருவர் வெறுங்காலோடு நிற்கிறார். பாதம் மரத்துச் சுருக் சுருக்கென்று குத்துகிறது. மேலே தொங்கும் தூண்டில் முள் 6 மாதிரி வளைந்திருக்கிறது. நரம்பைக் காக்கக் கூடவே கொடுக்கும் வைட்டமின் பி6.

மூன்றாவது பைரசினமைட். ஒரு பாட்டியின் கையிலிருந்த அரிசிப் பை நழுவிக் கால் கட்டைவிரல்மேல் விழுகிறது. கட்டைவிரல் தக்காளிபோல் வீங்குகிறது. யூரிக் அமிலம் ஏறி வரும் மூட்டு வீக்கம், கௌட்.

நாலாவது எத்தாம்ப்யூட்டால். இது எனக்கே பிடித்தது. பழக்கடையில் ஓர் எத்தன், கண்ணாடி போட்டவன். அவனிடம் சிவப்பு 10 வெள்ளி நோட்டைக் கொடுத்தால் பச்சை 5 வெள்ளியாக எண்ணி மீதி தருகிறான். கேட்டால் "எனக்கு இரண்டும் ஒரே நிறம்தான் அக்கா" என்கிறான். பார்வை நரம்பு அழற்சி, சிவப்பு பச்சை குழப்பம்.

கடைசியாக, முதல் மூன்று கடையிலும் ஆட்டு ஈரல் தொங்குகிறது. எத்தன் கடையில் ஈரல் இல்லை. கல்லீரலைப் பெரிதாகப் பாதிக்கும் மூன்றும், அப்படிச் செய்யாத ஒன்றும்.

மூன்று நாளாயிற்று, ஒன்றும் மறக்கவில்லை. கேள்வி இதுதான்: தேர்வுக்கான மருந்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்ய முடியுமா, இல்லை இது வெறும் நேரக் கொலையா?

ஸ்டெத் தம்பி | செவ்வாய், காலை 6:15

அக்கா, எத்தன் சூப்பர்! இனிமேல் 10 வெள்ளி நோட்டைப் பார்த்தாலே எத்தாம்ப்யூட்டால்தான் ஞாபகம் வரும்.

நான் இங்கே படித்து இப்போது ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர். மாணவனாக இருந்தபோது வடகிழக்கு ரயில் பாதையை வைத்துப் படித்தேன். ஹார்பர்ஃபிரண்டில் ஏறினால் பொங்கோல் வரை ஸ்டேஷன் வரிசை மாறாது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு மருந்துக் குடும்பம்.

உதாரணமாக தோபி காட். பெயரிலேயே சலவைக்காரர் இருக்கிறார், அதனால் அங்கே எல்லாமே ஈரம். கண்ணீர், எச்சில், வியர்வை, சிறுநீர், வயிற்றோட்டம், நெஞ்சில் சளி. கண்மணி மட்டும் ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் மிஞ்சினால் வரும் கோலம்.

அடுத்த ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. இறங்கியதும் மளிகைக் கடை வாசலில் ஒரு மூட்டை காய்ந்த மிளகாய். சிவப்பு, வறட்சி, சூடு, மூன்றும் ஒரே பொருளில்! அதுதான் அசிட்டைல்கோலினை எதிர்க்கும் அட்ரோபின். தோல் சிவக்கும், வாய் வறளும், உடம்பு கொதிக்கும். மூட்டைமேல் ஒருவன் மிளகாய் பட்டுக் கண்ணை அகல விரித்து உளறிக்கொண்டிருக்கிறான். கண்மணி விரிவும் மனக்குழப்பமும்.

எதிரெதிர் மருந்துகளை அடுத்தடுத்த ஸ்டேஷனில் வைத்தால், ஒன்றின் நஞ்சுக்கு மற்றது மாற்று என்பதும் சேர்ந்தே நினைவில் நிற்கும். தோபி காட்டில் மாட்டிக்கொண்டவனை ரயிலேற்றி லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பு, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் செய்ய முடியுமா என்றால், நான் செய்யவில்லை. 16 ஸ்டேஷன், 16 குடும்பம். மீதியைக் கேள்வி போட்டுப் போட்டே படித்தேன்.

பழைய மருந்தாளர் | செவ்வாய், பிற்பகல் 1:05

தம்பி, மிளகாய் கண்ணில் பட்டால் கண்ணீர் கொட்டும். அது உங்கள் தோபி காட் ஆள். அட்ரோபின் கொடுத்தவனுக்குக் கண் வறண்டிருக்கும். ஒரே பொருள் இரண்டு பக்கமும் இழுக்கிற படம், தேர்வு அறையில் காலை வாரிவிடும். முதலில் அதைத் திருத்துங்கள்.

இந்தப் படச் சமாசாரத்தில் எனக்கு அரை மனதுதான். 2013ல் டன்லோஸ்கியும் இன்னும் நான்கு உளவியலாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்துக்கொண்டு, அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். உயர்ந்த பயன் என்று அவர்கள் குறித்தது இரண்டே இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது. ஒலியை வைத்துச் சொல்லுக்குப் படம் கட்டும் முறைக்குக் குறைந்த பயன் என்றே குறித்தார்கள். எல்லாப் பாடத்துக்கும் ஒத்துவராது, நீண்ட நாள் நிற்பதும் சந்தேகம் என்பது காரணம். கோடு போட்டுப் படிப்பதும் அதே கடைசி வரிசையில்தான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதைத்தான் செய்கிறோம்.

இரண்டாவது, காரணம் தெரிந்த இடத்தில் படம் எதற்கு? இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரருக்கு ஏன் ஆகாது? மூச்சுக்குழாயைத் தளர்த்திவைக்கும் பீட்டா 2 ஏற்பியையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. முடிந்தது. இதற்கு ஒரு கரடி இன்ஹேலரைக் கடிக்கிற படம் வேண்டுமா? ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் எடுத்தவர் ஏன் இருமுகிறார்? அது தடுக்கும் நொதிதான் இருமலைத் தூண்டும் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. நொதியை நிறுத்தினால் பிராடிகைனின் தேங்குகிறது, இருமல் வருகிறது. அதே தேக்கம்தான் சிலருக்கு முகத்தையும் நாக்கையும் வீங்கவைக்கிறது. ரத்த அழுத்தத்துக்கே கொடுக்கும் சார்டன் வகை அந்த நொதியைத் தொடுவதில்லை, இருமலும் அநேகமாக இல்லை. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் நாலு விடை வருகிறது. படத்தில் நாலுக்கும் நாலு பொம்மை வரைய வேண்டும்.

அம்மா, உங்கள் தேக்கா படம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஐசோனியாசிட் பி6ஐ என்ன செய்கிறது என்று கேட்டால் சொல்வீர்களா?

பொங்கோல் அம்மா | செவ்வாய், இரவு 10:20

ஐயா, உண்மையைச் சொன்னால் சட்டென்று வரவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். பி6ஓடு சேர்ந்து அதைப் பயனில்லாமல் ஆக்கிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. எழுதி வைத்துக்கொண்டேன்.

ஸ்டெத் தம்பி | புதன், காலை 6:02

மிளகாய்க்காரன் கண்ணிலிருந்து மிளகாயை எடுத்துவிட்டேன் ஐயா. இப்போது அவன் வெறும் ஆந்தை முழி முழிக்கிறான்.

இரவுப் பணி தாதி | வியாழன், காலை 8:50

டியூட்டி முடிந்து பேருந்தில் வருகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நான் திருச்சிப் பக்கம். இங்கே வந்து தாதியருக்கான உரிமத் தேர்வு எழுதித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு வரையவும் வராது, ரயில் பாதையும் அப்போது தெரியாது. ஊரில் பார்த்த நோயாளிகளின் முகத்தை வைத்தே படித்தேன். இந்த மருந்து இவர், அந்த மருந்து அவர்.

இப்போதும் அப்படித்தான். வார்ஃபரின் என்றால் எனக்கு ஒரு தாத்தா. அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு அவருக்கு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். பல மாதம் ஒழுங்காக இருந்தது, ஒருநாள் திடீரென்று கீழே இறங்கிவிட்டது. மாத்திரையை விட்டீர்களா என்று டாக்டர் கேட்டார், இல்லை என்று தாத்தா சத்தியம் செய்தார். டப்பாவை எண்ணிப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த பாட்டி மெதுவாக என்னிடம் கேட்டார்: "ஏம்மா, முருங்கைக்கீரை சூப்பு கொடுத்தா தப்பா? ரத்தத்துக்கு நல்லதுன்னு தினம் ஒரு டம்ளர் கொடுக்கிறேன்." ஊரிலிருந்து வந்த மகள் புளோக்கின் கீழே திறந்த தளமாக இருக்கும் வாய்ட் டெக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒடித்து வந்து ஆரம்பித்த பழக்கமாம்.

வார்ஃபரின் வைட்டமின் கேயை எதிர்த்து வேலை செய்கிறது. கீரையில் அதுதான் நிறைய. சூப்பு ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம் என்று கயிறு இழுத்திருக்கின்றன. கீரையே கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், திடீரென்று கூட்டவும் வேண்டாம் நிறுத்தவும் வேண்டாம் என்றார். 10, 9, 7, 2 என்று வைட்டமின் கே தேவைப்படும் உறைவுக் காரணிகளை எத்தனை முறை உருப்போட்டிருப்பேன். அந்த டம்ளர் சொல்லிக்கொடுத்த மாதிரி எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொன்று, ஜி6பிடி குறைபாடு, சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது. இங்கே குழந்தை பிறந்தவுடனே தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துவிடுகிறார்கள். என் பாட்டி வீட்டுப் பீரோவைத் திறந்தால் அந்துருண்டை வாசனை வரும். குறைபாடு இருப்பவர்களுக்கு அந்துருண்டையே ஆகாது, சிவப்பணு உடையும். அந்தப் பீரோவுக்குள் சேலை மடிப்பில் அவர்களுக்கு அதேபோல் ஆகாத மருந்துகளான பிரிமாகுயின், டாப்சோன், ராஸ்பூரிகேஸ் மூன்றையும் செருகி வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் வாசனையோடு மூன்றும் வருகின்றன. வாசனையை எந்த வீடியோவில் கொடுப்பார்கள்?

பொங்கோல் அக்கா, உங்கள் காசநோய் படத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. முதல் 2 மாதம் நாலு கடையும் திறந்திருக்கும். அப்புறம் 4 மாதம் ஜூஸ் கடையும் மீன் கடையும் மட்டும்தான். பலதுறை மருந்தகத்தில் தாதி கண்முன்னே விழுங்கவைக்கிற மருந்து இது, கணக்கு எங்களுக்கு மறக்காது.

பொங்கோல் அம்மா | வியாழன், காலை 9:30

ஷட்டரை இறக்கிவிட்டேன் தங்கச்சி. பாட்டியும் எத்தனும் 2 மாதத்தில் வீட்டுக்குப் போகிறார்கள்.

கூவிளம் | வெள்ளி, மாலை 5:45

நான் மருத்துவம் படித்தவன் இல்லை, உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். மகள் மருத்துவம் படிப்பதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பழைய மருந்தாளர் ஐயாவுக்கு ஒரு சொல்.

யாப்பிலக்கணம் நினைவிருக்கிறதா? நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். தேமாவும் புளிமாவும் மரம், கூவிளம் என்பது வில்வம். அசையைச் சொல்லித்தர மரத்தை எதற்குக் கூப்பிட்டார்கள்? அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னாலே அந்த அசை அதில் இருக்கிறது. 'தே' நேர், 'மா' நேர். படமும் அதுவே, விடையும் அதுவே. இரண்டையும் தனித்தனியாக நினைவு வைக்க வேண்டிய வேலையே இல்லை.

அதைவிட அழகு மூவசைச் சீர். காயில் முடிந்தால் கடைசி அசை நேர், கனியில் முடிந்தால் நிரை. தேமாங்காய், தேமாங்கனி. வாலைப் பார்த்தே குலத்தைச் சொல்லிவிடலாம். மகள் ஒருநாள் மருந்துப் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் 'ப்ரில்', 'ப்ரில்' என்று முடிந்தன. "காய்ச்சீர் மாதிரி இருக்கிறதே" என்றேன். முறைத்தாள்.

பழைய மருந்தாளர் | வெள்ளி, இரவு 9:10

ஆசிரியர் ஐயா, முறைத்திருக்கக் கூடாது. நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உலகச் சுகாதார நிறுவனம் 1953 முதல் மருந்துகளின் பொதுப்பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிடுகிறது. ஒரே குடும்பத்துக்கு ஒரே வால் கொடுப்பது அதன் வழக்கம். ப்ரில் என்றால் அந்த இருமல் நொதித் தடுப்பான். சார்டன் என்றால் ஆஞ்சியோடென்சின் ஏற்பி அடைப்பான். ஓலோல் பீட்டா அடைப்பான். கிளிஃப்ளோசின் என்றால் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும் வகை. படம் வரைவதற்கு முன்னால் வாலைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் கடையில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் தலைதலையாக அடித்துக்கொள்வேன்.

ஆனால் வாலிலும் பொறி உண்டு. ஒமெப்ரசோல் வயிற்று அமிலத்துக்கு, அரிபிப்ரசோல் மனநோய்க்கு. அவசரமாகப் படித்தால் இரண்டும் 'ப்ரசோல்'. அரிபிப்ரசோலின் உண்மையான வால் 'பிப்ரசோல்', நடுவில் இருக்கும் அந்தப் 'பி'தான் வேறு குலம். லாபெட்டலால், கார்வெடிலால் இரண்டையும் பாருங்கள். 'ஓலோல்' இல்லை, ஒன்று 'ஆலோல்', மற்றது 'இலோல்'. பீட்டாவோடு ஆல்ஃபாவையும் அடைக்கும். தமிழில் எழுதும்போது நாமே எல்லாவற்றையும் 'லால்' என்று எழுதி அந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறோம், நானும்தான், மேலே 'புரோப்ரனலால்' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். மருந்துப் பெயரை அது எழுதப்படும் எழுத்திலேயே ஒருமுறை உற்றுப் பார்த்துவிட வேண்டும்.

வடமராட்சியான் | சனி, காலை 11:15

நான் யாழ்ப்பாணம், இங்கே வந்து இருபது வருசமாகுது. இதயத்துக்குக் குடுக்கிற டிகாக்சினுக்குப் படம் தேடுறவை எங்கட ஊர் வேலியைப் பார்த்தால் போதும். மஞ்சள் அலரி. தமிழ்நாட்டு ஆக்கள் அரளி எண்டு சொல்லுவினம். ஆடு மாடு கூட வாய் வைக்காது எண்டுதான் வேலிக்கு நடுறது. அதில இருக்கிற நஞ்சும் டிகாக்சினும் ஒரே குடும்பம். டிகாக்சினுக்கு எதிரா செய்த ஆன்டிபாடி மருந்து அலரி நஞ்சுக்கும் வேலை செய்யுது. இங்கிலாந்தில 1785ல விதரிங் எண்ட வைத்தியர் இந்தக் குடும்ப மருந்தைப் பற்றி எழுதினது வேற பூ, நரிக்கையுறைப் பூ எண்டு சொல்லலாம். ஆனால் எனக்கு அலரிதான் கண்ணுக்குள்ள நிக்குது.

பூ மஞ்சள், டிகாக்சின் கூடினவருக்குப் பார்வையும் மஞ்சள். வேலிக்குப் பக்கத்தில ஒரு வாழைப்பழக் கடை, குலை எல்லாம் வித்துத் தீர்ந்துபோச்சு. பொட்டாசியம் குறைஞ்சால் நஞ்சு ஏறும். ஏனெண்டால் பொட்டாசியமும் டிகாக்சினும் ஒரே கதிரைக்கு அடிபடுகினம், ஒராள் இல்லாட்டி மற்றவருக்குக் கொண்டாட்டம். மருந்தாளர் ஐயா, இதில படமும் இருக்கு காரணமும் இருக்கு, சரியோ?

பழைய மருந்தாளர் | சனி, பகல் 12:40

சரி. கதிரை நல்ல கதிரை.

பொங்கோல் அம்மா | அடுத்த புதன், இரவு 11:55

ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

இன்று மாதிரித் தேர்வு. நேரம் வைத்து 40 கேள்வி. ஒரு கேள்வியில் காசநோய்க்கு மருந்து எடுக்கும் ஆள், இரண்டு காலிலும் எரிச்சல், எந்த வைட்டமின் கொடுத்திருக்க வேண்டும் என்று. ஆகா, நம்ம மீன் கடை என்று கண்ணை மூடினேன். ஐஸ் வந்தது. வெறுங்கால் வந்தது. மேலே தூண்டில் முள் தொங்கியது. தொங்கியது என்பதுதான் விஷயம். தலைகீழாகத் தொங்கியது. 9 என்று படித்து, பி9, ஃபோலிக் அமிலம் என்று தட்டிவிட்டு, பெருமையாக அடுத்த கேள்விக்குப் போனேன்.

பழைய மருந்தாளர் ஐயா அன்றைக்குக் கேட்டபோது எழுதி வைத்தேன் அல்லவா? எழுதி வைத்ததோடு சரி, திரும்ப ஒருமுறை பார்க்கவில்லை. அதைப் பார்த்திருந்தால் 9 என்று வந்தவுடனே சந்தேகம் வந்திருக்கும்.

இன்னொரு கேள்வியும் போயிற்று. அது வேறு மாதிரி. ஓர் ஆளுக்குச் சிவப்பு விளக்கு சரியாகத் தெரியவில்லை, என்ன மருந்து எடுத்திருப்பார் என்று சுற்றிவளைத்துக் கேட்டிருந்தார்கள். காசநோய் என்ற சொல்லே இல்லை. எனக்குத் தேக்காவே ஞாபகம் வரவில்லை! பிறகு விடையைப் பார்த்தபோது எத்தன் பல்லைக் காட்டினான்.

ஸ்டெத் தம்பி | வியாழன், காலை 6:20

அக்கா, இரண்டாவது கேள்விதான் முக்கியம். நம் படத்துக்குள் எப்போதும் மருந்துப் பெயர் வழியாக நுழைகிறோம். எத்தாம்ப்யூட்டால், எத்தன், நோட்டு, கண். தேர்வு எதிர் வாசலில் நிற்கிறது. கண் தெரியாத ஆளை முன்னால் நிறுத்தி, கடையைக் கண்டுபிடி என்கிறது. ஒரு வாசலில் மட்டும் நூறு முறை நடந்தால் மற்ற வாசல் பூட்டித்தான் கிடக்கும். வார்டில் நடப்பதும் அதுதான். யாரும் கழுத்தில் மருந்துப் பெயரை மாட்டிக்கொண்டு வருவதில்லை.

நான் செய்தது இது. வெள்ளைத்தாளில் 'மரத்துப்போன கால்' என்று மட்டும் எழுதி, அது எந்தெந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று தேடுவேன். ஐசோனியாசிட் வரும், புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் வரும், சர்க்கரை நோய்க்குப் பல வருடம் மெட்ஃபார்மின் எடுத்து பி12 குறைந்தவரும் வருவார். அப்புறம் படத்தைப் பார்க்காமல் முழுவதையும் மறுபடி வரைவேன். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து. கேவலமாகத்தான் வரும், குச்சி மனிதர்கள். ஐயா சொன்ன 2013 ஆய்வில் மேலே நிற்கிற இரண்டும் இதற்குள் வந்துவிடுகின்றன. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது கோடு போட்டுப் படிப்பதன் தம்பிதான்.

தூண்டில் முள்ளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஐஸ்மேல் ஆறு மீன் வையுங்கள். மீனைத் தலைகீழாகப் போட்டாலும் ஆறு ஆறுதான்.

இரவுப் பணி தாதி | வியாழன், காலை 9:05

ஆறும் ஊசிக்கணவாயாக இருக்கட்டும் அக்கா. 'ஊசி' என்று பெயரிலேயே குத்துகிறது.

பழைய மருந்தாளர் | ஞாயிறு, இரவு 8:30

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். நானும் ஒரு படம் போட்டேன். பேத்தி வரைந்து கொடுத்தாள்.

கார்பமாசெபின். வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுப்பது. சிலருக்கு இது தோலையே உரித்துவிடும், ஸ்டீவன்ஸ்-ஜான்சன் கோளாறு, உயிருக்கே ஆபத்து. ஹெச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அது அதிகம், இந்தியரிடமும் உண்டு. அதனால் 2013லிருந்து சிங்கப்பூரில் ஆசிய வம்சாவளியினருக்குப் புதிதாகக் கார்பமாசெபின் தொடங்கும் முன் இந்தப் பரிசோதனை செய்வதே முறை என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே தேர்வு எழுதுபவர்கள் மட்டுமில்லை, எங்கே எழுதினாலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இதில் 15:02 என்ற எண்ணுக்கு என்ன காரணம் சொல்வது? ஒரு காரணமும் கிடையாது, பட்டியலில் அதற்கு விழுந்த எண். இப்படிப்பட்ட இடத்தில் நூலைப் பிடித்து இழுத்தால் ஒன்றும் வராது. நான் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.

படம் இது. அவுட்ரம் பார்க் எம்ஆர்டி மேடை. கடிகாரத்தில் 15:02. ரயில் கதவு மூடப் போகிறது. ஏறப் போகும் ஆளின் கையில் டிக்கெட்டுக்குப் பதில் ஒரு ரத்தக் குழாய். "பரிசோதனை முடிவு இருந்தால்தான் ஏறலாம்" என்று ஊழியர் கையை நீட்டித் தடுக்கிறார். முடிவு வராமல் முண்டியடித்து ஏறியவரின் சட்டை கதவில் மாட்டி, சட்டையோடு தோலும் உரிகிறது. பேத்திக்கு அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லவில்லை, சட்டை கிழிவதாக மட்டும் வரைந்திருக்கிறாள்.

ஒன்று பாக்கி. கார்பமாசெபினும் கல்லீரல் நொதிகளை முடுக்கும், தன்னைத்தானே கூட வேகமாக எரித்துக்கொள்ளும். சில வாரத்தில் அளவைக் கூட்ட வேண்டியிருப்பது அதனால்தான். அதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

பொங்கோல் அம்மா | ஞாயிறு, இரவு 9:15

ஐயா!! ஜூஸ் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். என் ரிஃபாம்பிசின் கடையில் இருக்கிற அதே மெஷின். எந்தப் படத்தில் அதைப் பார்த்தாலும் நொதி முடுக்கம் என்றே பொருள் வரட்டும், ஒவ்வொரு படத்துக்கும் புதுப் பொம்மை தேட வேண்டாம். இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினுக்கும் அதையே வைக்கலாம். உங்கள் மேடையில் மட்டும் அந்த மெஷின் தன் கைப்பிடியையே பிழிந்துகொண்டிருக்கட்டும்.

பழைய மருந்தாளர் | ஞாயிறு, இரவு 9:40

எடுத்துக்கொண்டேன். பேத்தி தூங்கிவிட்டாள், நாளைக்கு வரையச் சொல்கிறேன். எம்ஆர்டி மேடையில் குடிக்கவும் தின்னவும் கூடாது, ஜூஸ் மெஷின் வைத்தால் 500 வெள்ளி அபராதம் என்று அவள் கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

ஸ்டெத் தம்பி | திங்கள், காலை 6:10

கேட்டால் இன்னும் நல்லது ஐயா. அபராதச் சீட்டில் நேரம் 15:02 என்று எழுதச் சொல்லுங்கள்.